குழி தோண்டக் கூடாத எட்டு நாட்கள்

அத்தியாயம் 14

அய்யனார் கோயில் மண்குதிரைகளை வேளார் ஒரு வாரம் முன்னதாகவே சூளையில் சுட்டு முடித்துவிட்டார். இந்த வருஷத்துக் கஷ்டம் அதில்தான் தொடங்கியது.

குதிரை தயார் என்றதும் ஊர் கூடியது. அடுத்த வாரம் கட்ட வேண்டிய காப்பை இந்த வாரமே கட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. பதினோரு வருஷமாக உதயசூரியன் கையிலேயே ஏறிய காப்பு அது. இந்த முறை சீட்டுப் போட்டுப் பார்ப்போம் என்றார்கள் சிலர். சீட்டு அவருடைய பங்காளி கவியரசன் பேருக்கு விழுந்தது. போன செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் அவன் மணிக்கட்டில் மஞ்சள் துணியைச் சுற்றிக் காப்புக் கட்டினார்கள். அவன் மனைவி ரஞ்சிதா தன் கையாலேயே ஆரத்தி எடுத்தாள்.

புருஷனும் பெண்டாட்டியும் அன்றைக்குக் காலண்டரைப் பார்க்கவில்லை.

காப்புக் கட்டிவிட்டால் கள்ளிநேந்தலில் எட்டு நாளைக்கு யாரும் குழி தோண்டக் கூடாது. பச்சை மரம் வெட்டக் கூடாது. உரலில் இடிக்கக் கூடாது. கட்டியவன் கோயிலை விட்டு வீட்டுக்கு வரக் கூடாது. நாளை மாலை குதிரை எடுப்பு; காப்புக் கட்டியவன் முதல் குதிரையைத் தோளில் தூக்க, ஊர்வலம் போகும். அது முடிந்ததும் காப்பு இறங்கும்.

மானியத்துக்குக் கடைசி நாள் இன்று. ஜூன் முப்பது, மாலை ஐந்து மணி.

ரஞ்சிதாவின் தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். சென்னைக் கம்பெனி ஒன்று கல்லூரிப் பாடங்களை வீடியோவாக அனுப்பும். இவர்கள் அதைக் கேட்டு, திரையின் அடியில் வரும் தமிழ் வரிகளை எழுதிச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள். எழுதுவதில் குறை இல்லை. அனுப்புவதில்தான் உயிர் போகும். செல்போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறி, சிக்னல் பிடித்து, ஒரு பாடம் போய்ச் சேர அரை நாள்.

ஜூலை முதல் வேகமான ஃபைபர் லைன் உள்ளவர்களுக்குத்தான் வேலை என்று கம்பெனி எழுதிவிட்டது. பஞ்சாயத்து அலுவலகம் வரை அரசாங்க ஃபைபர் வந்து நிற்கிறது. அங்கிருந்து கொட்டகைக்கு முந்நூற்று நாற்பது மீட்டர். கிராமத்துச் சிறுதொழில் என்றால் லைன் இழுக்கும் செலவில் முக்கால் பங்கை அரசாங்கம் கொடுக்கும். நான்கு மாதம் கலெக்டர் ஆபீஸ் படி ஏறி இறங்கி ரஞ்சிதா அதை வாங்கியிருந்தாள். கெடுவுக்குள் லைன் வந்து, வேகம் சோதித்த தாளை இணையத்தில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் மானியம் இல்லை. மானியம் இல்லையென்றால் லைன் இல்லை.

*

காலை ஒன்பது மணிக்கு டிராக்டர் வந்தது. ஆறு இரும்புப் போஸ்ட், ஒரு பெரிய கேபிள் உருளை. அரவிந்த்குமார் இறங்கினான். அறந்தாங்கி காண்டிராக்டரின் ஆள். மூன்று வாரமாக “நாளைக்கு வாரேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

சுண்ணாம்பு போட்ட இடத்தில் கடப்பாரையை வைத்தான். ஓங்குவதற்குள் ஊர்த்தலைவர் ஆத்மநாதன் அம்பலம் வந்து அதன் நடுவைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி எந்த ஊரு?”

“அறந்தாங்கிங்க.”

“அங்கிட்டு காப்புக் கட்டுனா குழி தோண்டுவாகளோ?”

அரவிந்த்குமார் ரஞ்சிதாவைப் பார்த்தான். அவள் முன்னால் வந்தாள்.

“ஐயா, ஆறே ஆறு குழிங்கய்யா. ரெண்டடி ஆழந்தான்.”

“ஆறு குழின்னாலும் ஒரு குழின்னாலும் தோண்டுறது தோண்டுறதுதான் ஆத்தா.”

“இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதுங்கய்யா. பன்னெண்டு பொம்பளைக பொழப்பு.”

“வேற யாரும் கேட்டாக்கூட நாலு பேரைக் கூட்டிப் பேசிப் பாப்பேன். ஒம் புருஷன் கையிலதான காப்பு இருக்கு? அவன் வீட்டுலயே குழி தோண்டுனா நாளைக்கு எந்த மொகத்தோட முதல் குதிரைக்குத் தோள் கொடுப்பான்?” அம்பலம் குரலைத் தாழ்த்தினார். “ஒரு நாள் தள்ளிக் கேளேன். கவர்மெண்டு எங்கிட்டு ஓடிப்போகுது?”

“அது மனுஷங்க இல்லைங்கய்யா, கம்ப்யூட்டரு. அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிஷம்னாலும் வாங்காது.”

“அப்ப அதுவும் நம்ம அய்யனாரு மாதிரித்தான்.”

அவரே கடப்பாரையைத் தூக்கி டிராக்டரில் வைத்தார். கோபமில்லாமல் வைத்தார். கோபப்பட்டிருந்தால் அவளும் சண்டை போட்டிருக்கலாம்.

*

கொட்டகையில் கீபோர்டுச் சத்தம் நின்றிருந்தது. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வைஷ்ணவி வெளியே வந்தாள். கவியரசனின் தங்கை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கைக்குழந்தையோடு புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். மூன்று மாதம் யார் முகத்தையும் பார்க்காமல் கிடந்தாள். இந்தக் கொட்டகையில்தான் மறுபடியும் பேசத் தொடங்கினாள்.

“அண்ணி, சென்னையில இருந்து போன். இன்னைக்கு டெஸ்ட் ரிசல்ட் போகலைன்னா நாளையில இருந்து நம்ம ஃபைலையெல்லாம் மதுரையில ஒரு சென்டருக்குக் கொடுத்துருவாகளாம்.”

“நீ என்ன சொன்ன?”

“சாயங்காலம் அனுப்பிருவோம்னேன். வேற என்னத்தச் சொல்ல?”

ரஞ்சிதா திரும்பிப் போனாள். அரவிந்த்குமார் டிராக்டர் நிழலில் குந்தியிருந்தான்.

“போஸ்ட் இல்லாம முடியாதா?”

“வீட்டுச் சுவத்துல கிளிப் அடிச்சுக் கொண்டுபோகலாங்க்கா. போஸ்டுதான் வேணும்னு ரூல்ல ஒண்ணும் இல்ல. ஸ்பீடு வந்தாப் போதும். ஆனா ரோட்டைத் தாண்டணுமே? நாளைக்குக் குதிரை வார பாதை. சாமி தலைக்கு மேல வயரு கட்டுனா அந்த வயராலேயே என்னையக் கட்டி வச்சுருவாக.”

“ரோட்டுக்கு அடியில கண்மாய்த் தண்ணி வார குழாய் இருக்கு.”

“தண்ணி?”

“ஜூன் மாசத்துல கண்மாயில ஏது தண்ணி? ஆடு படுத்துக் கெடக்கும்.”

அவன் எழுந்துபோய்க் குனிந்து பார்த்தான். மூன்று ஆடுகள் இருந்தன. ஒரு குச்சியால் அவற்றை விரட்டிவிட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்க வெளிச்சத்தைப் பார்த்தான்.

“போகுங்க்கா,” என்றான்.

ரஞ்சிதா அம்பலத்துக்குப் போன் போட்டாள். “ஐயா, சுவத்துல ஓட்டை போடலாங்களா?”

அம்பலம் யோசித்துப் பதில் சொன்னார்.

“சுவரு மண்ணு இல்லையே. போட்டுக்க ஆத்தா. எங்க வீட்டுல மட்டும் வேணாம். போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சேன்.”

*

வழியில் ஒன்பது வீடு. மதியம் ஒரு மணிக்குள் எட்டு வீட்டுக்காரர்களிடம் சம்மதம் வாங்கினாள். சும்மா வாங்கவில்லை. ஒரு வீட்டில் கெஞ்சினாள். ஒரு வீட்டில் மருமகளுக்கு வேலை தருவதாகச் சொன்னாள்.

எட்டாவது வீட்டு அமிர்தவல்லி மட்டும் கேபிள் உருளையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இதுல டிவி வருமா?”

“வராது அத்தை.”

“பெறகு எதுக்கு இம்புட்டு நீளம்?” என்று கேட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதாவது உதயசூரியன் வீடு. தோப்பைச் சுற்றிய அவருடைய மதில் அறுபது மீட்டர் நீளம். அதன் கோடியில்தான் கொட்டகை. இந்தப் பக்கம் வேறு வழி இல்லை. அந்தப் பக்கம் கோயில் நிலம்.

சீட்டு விழுந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அவர் மனைவி அழகம்மாள் கதவைத் திறந்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். “மொதல்ல குடி. மூஞ்சி கருத்துப் போயிருக்கு.”

உதயசூரியன் நாற்காலியை விட்டு எழவில்லை.

“மாமா, மதில் ஓரமா ஒரு கயிறு கனத்துக்கு வயரு...”

“தெரியும். காலையில இருந்து ஊரே வேடிக்கை பாக்குது.”

“நாலே மணி நேரந்தான் இருக்கு மாமா. வேணும்னா பெறகு கழட்டிர்றேன். வேற எங்கிட்டாவது மாத்திக்கிறேன்.”

“கழட்ட வேணாம். காலம் பூராக் கெடக்கட்டும்.” அவர் தன் வெறும் மணிக்கட்டைத் தடவினார். “அவன் கையில இருக்கதை என் கையில கட்டச் சொல்லு.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“கட்டுனவனுக்கு முடியலைன்னா அவனே கழட்டிப் பங்காளி கையில கட்டிவிடலாம். அதுக்கு வழக்கம் இருக்கு. அவன் கையால கட்டணும். அவ்வளவுதான்.”

“ஏழு நாள் வெரதம் இருந்துட்டாக மாமா. நாளைக்குக் குதிரை...”

“நானும் இருக்கேன். கேளு இவகிட்ட.”

அழகம்மாள் சுவரைப் பார்த்தபடி தலையசைத்தாள்.

“எம் மகன் பிரசாந்த் சவுதியில கெடக்கான். கம்பெனியை மூடிட்டு மொதலாளி ஓடிட்டான். பாஸ்போர்ட்டு அவன்கிட்ட. நாலு மாசமாக் கேம்புல பத்துப் பேரோட ஒரு ரூம்புல கெடக்கான். பய வீடு வந்து சேரட்டும், இந்த வருஷமும் நாந்தான் கட்டுறேன்னு அய்யனார்ட்ட நேந்துக்கிட்டேன். அதுக்குப் பெறகுதான் சீட்டுப் போட்டாக.” அவர் குரல் உயரவில்லை. “ஒன் வயரு மேல எனக்கு என்ன கோவம்? நீயும் ஒண்ணைத் தேடி அலையுற. நானும் அலையுறேன்.”

*

கோயிலில் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு மேல் பெண்கள் போகக் கூடாது. கவியரசன் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் பதினேழு மண்குதிரைகள் நாளைக்கான மாலைக்குக் காத்து நின்றன. அவளைப் பார்த்ததும் கயிறு வரைக்கும் வந்தான்.

“சாப்ட்டியா?” என்றான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஒடம்புக்கு முடியலைன்னா மாத்திக் கட்டலாமாங்க.”

“என் ஒடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லைங்க. எனக்காகச் சொல்லுங்க.”

கவியரசன் குதிரைகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகப் பேசினான்.

“பன்னெண்டு பொம்பளைக்கு வேலை கொடுக்கிறவ புருஷன். ஊருல என்னைய அப்படித்தான் சொல்றாக. எனக்கு அதுல வருத்தம் கெடையாது, பெருமைதான். நாளைக்கு ஒரு நாளு, முதக் குதிரை எடுக்கறது யாருன்னு கேட்டா கவியரசன்னு சொல்லுவாக. அந்த ஒரு நாளை ஒன் வயருக்குக் கொடுக்கச் சொல்றியா?”

“வைஷ்ணவியை நெனைச்சுப் பாருங்க.”

“நெனைக்காமயா இருக்கேன்? முடியாது ரஞ்சிதா. இதைத் தவிர வேற எது வேணும்னாலும் கேளு, தாரேன்.”

“வேற என்ன இருக்கு ஒங்ககிட்ட?”

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. அவன் முகம் மாறவில்லை. கயிற்றை விட்டுத் தள்ளிப் போய், இருந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தான்.

அப்போது மணி இரண்டு ஐம்பது.

*

திரும்பும் வழியில் எட்டு வீட்டுச் சுவரிலும் கறுப்புக் கேபிள் ஓடியிருந்தது. அரவிந்த்குமாரும் அவன் ஆட்களும் மதில் மூலையில் ஏணியைச் சாய்த்துவிட்டு நின்றார்கள். கேபிளின் மிச்சம் தரையில் வளையமாகக் கிடந்தது. கொட்டகைப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்து வரிசையாக நின்றிருந்தார்கள்.

உதயசூரியன் வாசல் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“என்ன சொன்னான்?”

ரஞ்சிதா அந்தப் பெண்களைப் பார்த்தாள். வைஷ்ணவியைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது.

“சரின்னுட்டாக மாமா.”

“கழட்டித் தாரேன்னானா?”

“வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வரச் சொன்னாக.”

அவர் கதவை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே அழகம்மாள் ஏதோ சொல்லிவிட்டு அழுவது கேட்டது.

“நிக்கிறியே, அடிப்பா கிளிப்பை!” என்று அரவிந்த்குமாரைப் பார்த்துச் சத்தம் போட்டார் உதயசூரியன். “அந்தக் கல்லு உள்ளுக்குள்ள பொத்தல். மேல் வரிசையில அடி. அதுதான் நிக்கும்.” அவரே ஏணியை நகர்த்திக் கொடுத்தார்.

நாலே காலுக்குக் கேபிள் கொட்டகைக்குள் வந்தது. மயிர் கனத்துக் கண்ணாடி இழையை ஒரு சின்ன மெஷினில் வைத்து ஒட்டினான் அரவிந்த்குமார். முதல் தடவை ஒட்டவில்லை. இரண்டாம் தடவையும் ஒட்டவில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னான். பன்னிரண்டு பேரும் வேர்வையோடு மூச்சை அடக்கி நின்றார்கள். மூன்றாம் தடவை பச்சை விளக்கு எரிந்தது.

வேகம் தொண்ணூற்று ஆறு எம்பிபிஎஸ்.

நாலு நாற்பத்தேழுக்கு வைஷ்ணவி தாளை ஏற்றினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு ஐம்பத்தி மூன்றுக்கு, “தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது” என்று வந்தது.

ஒருத்தி கை தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். வைஷ்ணவி ரஞ்சிதாவைக் கட்டிக்கொண்டாள். ரஞ்சிதாவின் கைகள் தொங்கிக் கிடந்தன.

*

ஆறு மணிக்குப் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். சென்னைக்கு மூன்று பாடங்கள் போய்ச் சேர்ந்திருந்தன. கால் மணி நேரத்தில்.

வாசலில் உதயசூரியன் வந்து நின்றார். தலையில் தண்ணீர் சொட்டியது. புது மஞ்சள் வேட்டி. நெற்றி நிறையத் திருநீறு.

“வைஷ்ணவி, ஒங்க புது லைன்ல பயகிட்டப் பேசலாமாத்தா? எங்க போன்ல அவன் மொகம் கட்டங்கட்டமா ஒடையுது. காப்புக் கட்டப் போறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்.”

வைஷ்ணவி அவர் போனை வாங்கி லைனில் இணைத்துக் கொடுத்தாள்.

பிரசாந்த் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. பின்னால் இரும்புக் கட்டில்கள், கொடியில் தொங்கும் சட்டைகள்.

“அப்பா! எங்கப்பா இருக்கீங்க? இம்புட்டுத் தெளிவாத் தெரியுறீங்க?”

“சித்தி ஆபீஸ்லடா. எளைச்சுட்டியேடா நீ.”

“இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்.”

“இன்னும் செத்த நேரத்துல அப்பா கையில காப்பு ஏறிரும். வேண்டுதல் தப்பலடா. நீ வந்துருவ. பாரு, நீ வந்துருவ.”

“சித்தப்பாவா கழட்டித் தாராரு?”

“ஆமாடா. சித்திதான் போய்ப் பேசுச்சு.”

“சித்தியைக் காட்டுங்கப்பா.”

போன் திரும்பியது. ரஞ்சிதாவுக்கு நகர இடமில்லை. முதுகுக்குப் பின்னால் மேசை.

பிரசாந்த் இரண்டு கையையும் கூப்பினான். “சித்தி, நான் ஊருக்கு வந்ததும் மொதல்ல ஒங்க கால்லதான் விழுவேன்.”

அவன் அழுதான். படம் ஒரு முறைகூட நிற்கவில்லை. ஒரு கட்டம் உடையவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தாடிக்குள் போவது வரை தெரிந்தது.

“நல்லா இருப்பா,” என்றாள் ரஞ்சிதா.

உதயசூரியன் போனை மடியில் செருகிக்கொண்டு படி இறங்கினார். தெருவில் அழகம்மாள் தாம்பாளத்தோடு காத்திருந்தாள். இரண்டு பேரும் நடக்கத் தொடங்கினார்கள். வழியில் யாரோ விசாரிக்க, அவர் நின்று, கையைக் காட்டிச் சந்தோஷமாகப் பதில் சொன்னார்.

வைஷ்ணவி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரஞ்சிதாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணி. அண்ணே என்ன சொன்னுச்சு?”

“முடியாதுன்னாக.”

வைஷ்ணவியின் கை வாய்க்குப் போனது.

தெரு வழியாகக் கோயிலுக்குப் பத்து நிமிஷம். கண்மாய்க் கரை வழியாக ஓடினால் ஐந்து. ரஞ்சிதா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். கரையில் கருவை முள் கிடந்தது. ஓடினாள்.

அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். சேர்ந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தன் புருஷனிடம் எந்த வார்த்தையை முதலில் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.